மறுநாள் காலையில் யார் முதலில் சொல்வது

"என்ன கேசீனே, இன்னிக்கு மூஞ்சி தெளிவா இருக்கே! நல்லா தூங்கினியா?"

கேட்டவன் ட்யார்க், ஆஸ்பத்திரி நர்ஸ். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். காதில் வளையம், முழங்கை வரைக்கும் பச்சை குத்தல். கேட்கப்பட்டவளோ எண்பத்து நான்கு வயது கேசீனே ஓஸ்டர்லோ. ப்ரேமன் நகரத்தில் அவளை 'நீ' என்று கூப்பிட உரிமையுள்ளவர்களையெல்லாம் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்தால் நாற்காலி மிச்சமாகும். அவர்களிலும் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தாயிற்று. இந்தப் பொடியன் நேற்றுத்தான் வேலை மாறி இந்த வார்டுக்கு வந்தான், இன்றைக்கு 'தூங்கினியா' என்கிறான். வார்டுத் தலைவி காதில் விழுந்திருந்தால் அவன் காதைத் திருகியிருப்பாள்.

வாசலில் நின்றுகொண்டிருந்த வீப்கேயின் காதில் விழுந்தது. கையில் டூலிப் பூக்கள். பூவைச் சுற்றியிருந்த காகிதத்தைப் படியிலேயே பிரித்துக் கசக்கிக் கோட்டுப் பையில் போட்டிருந்தாள், காகிதத்தோடு பூ நீட்டுவது மரியாதை இல்லை என்பதால். அந்தக் காகிதத்தைப் பைக்குள்ளேயே இன்னும் நன்றாகக் கசக்கினாள். வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது.

"காலை வணக்கம், ஃப்ராவ் ஓஸ்டர்லோ" என்றாள் வீப்கே.

"காலை வணக்கம், ஃப்ராவ் ஓஸ்டர்லோ" என்றாள் கேசீனே. "இந்த மழையில எதுக்கு இவ்வளவு சிரமப்பட்டு வந்தீங்க?"

ட்யார்க் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? பக்கத்து வீடா?"

"என் மகனோட மனைவி" என்றாள் கிழவி.

"மருமகளையா 'ஃப்ராவ்' போட்டு, 'நீங்க'ன்னு பேசற? அடேங்கப்பா! கேசீனே, நீ பெரிய ஆளுதான்" என்று விசிலடித்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அவன் சிரித்ததில் தப்பில்லை. இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள்? ரொட்டிக் கடைக்காரி 'நீ' என்கிறாள், மேசை நாற்காலி விற்கும் கடைக்காரன் விளம்பரத்திலேயே ஊரை எல்லாம் 'நீ' என்கிறான். ஒரே பெயரைச் சுமந்துகொண்டு, ஒரே ஆணை ஒருத்தி மகனாகவும் இன்னொருத்தி புருஷனாகவும் வைத்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் வாத்தை ஒரே தட்டிலிருந்து அறுத்துத் தின்றுகொண்டு, பத்தொன்பது வருஷமாக 'ஃப்ராவ்' என்று திருமதி போட்டு, 'நீங்க', 'உங்களுக்கு' என்று இருப்பவர்கள் இந்த இரண்டு பேரும்தான்.

இங்கே 'நீ' என்பது தரக்குறைவான சொல் இல்லை. 'நீங்க' என்றால் வாசலில் நிறுத்திப் பேசுவது, 'நீ' என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வா என்பது. ஆனால் நினைத்தவர் நினைத்தபோது சொல்லிவிட முடியாது. வயதில் மூத்தவர்தான் கொடுக்க வேண்டும். சின்னவர் கேட்கவே கூடாது. கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான், கொடுக்காவிட்டால் சாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் வீப்கேவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பிழைப்பே அதுதான். வங்கியிலும் பெரிய கடைகளிலும் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நாகரிகம் சொல்லிக்கொடுக்கிறாள். யார் முதலில் கை நீட்டுவது, மேலதிகாரியோடு சாப்பிடும்போது போனை எங்கே வைப்பது, இரங்கல் சொல்லும்போது எதைச் சொல்லாமல் இருப்பது என்றெல்லாம். அவள் பிறந்து வளர்ந்த வீடு வேறு மாதிரி. அப்பா ஃபேகசாக்கில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். அந்தத் தெருவில் தபால்காரர், பாதிரியார், எதிர்வீட்டு நாய் எல்லோரும் 'நீ'தான். மரியாதை என்பதை அவள் வளர்ந்த பிறகு, ஓட்டல் வேலைக்குப் படித்தபோது கற்றாள். வயதான பிறகு நீச்சல் கற்றவர்கள் மாதிரி ஒவ்வோர் அசைவையும் யோசித்துத்தான் செய்வாள். தப்பாகிவிடுமோ என்ற பயம் அவளை விட்டதே இல்லை.

அந்தப் பயத்தில்தான் எல்லாம் கெட்டது.

கல்யாணமான முதல் ஜனவரி. ஓஸ்டர்லோ குடும்பம் வழக்கம்போலக் கேல் கீரை நடைக்குக் கிளம்பியது. கைவண்டி நிறையச் சாராயப் பாட்டில், ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் தொங்கும் சின்னக் கண்ணாடிக் கோப்பை, விறைக்கும் குளிரில் வயல்வெளி நடை, திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு மடக்கு. கடைசியில் ஒரு கிராமத்துச் சத்திரத்தில் சுடச்சுடக் கீரையும் கொழுத்த சாசேஜும். அதிகமாகச் சாப்பிடுகிறவருக்குக் கீரை ராஜா, கீரை ராணிப் பட்டம். அந்த வருஷம் ராணி யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் கேசீனேதான். அவித்த முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டாமல் கத்தியால் வெட்டுகிறவர்களை ஏற இறங்கப் பார்க்கும் கேசீனே, மூன்று தட்டுக் கீரையை முடித்துவிட்டு, பட்டத்துக்கு அடையாளமாகப் பட்டு நாடாவில் கோத்த பன்றித் தாடை எலும்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முகம் சிவக்கச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், புதுப் பொண்ணு! இங்க வா" என்றாள். வீப்கே போனாள். "கிளாஸை எடு. கையைக் கோத்துக்கோ. அப்படி இல்ல, முழங்கையை இப்படி வளை. நான் கேசீனே."

"நான் வீப்கே."

"குடி. கண்ணைப் பாத்துக் குடி, கூரையைப் பாக்காத."

குடித்தார்கள். கேசீனே அவள் கன்னத்தில் 'இச்'சென்று முத்தம் வைத்தாள். "முடிஞ்சுது. இனிமே நீ எனக்கு நீ, நான் உனக்கு நீ."

வீப்கேவுக்குச் சின்ன வயதிலேயே அம்மா இல்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கழிவறைக்குப் போய், அங்கேயே கொஞ்சநேரம் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அன்று இரவு மாமியார் வீட்டிலேயே தங்கினார்கள். காலையில் புருஷன் ஹென்னிங் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, வீப்கே படிக்கட்டில் நின்று யோசித்தாள். ஓட்டல் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது மனதில் ஓடியது. குடித்திருக்கும்போது கொடுத்த 'நீ'யை மறுநாள் சின்னவர் எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. மூத்தவருக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, இருந்தாலும் வருத்தப்படுகிறாரோ என்னவோ. அவர் வாயிலிருந்து இன்னொரு தரம் வரட்டும், அதுவரை 'நீங்க'. அதுதான் பண்பு.

கீழே போனாள். கேசீனே முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் முட்டைக் கிண்ணங்களை வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. வீப்கே காத்திருந்தாள். கேசீனே கரண்டிகளை வைத்தாள், உப்பை வைத்தாள், வைத்த உப்பைத் தள்ளி வைத்தாள். அப்போதும் திரும்பவில்லை. இதற்கு மேல் பேசாமல் நிற்பதும் மரியாதை இல்லையே!

"காலை வணக்கம். நல்லா தூங்கினீங்களா?" என்றாள் வீப்கே.

கேசீனேயின் கை உப்பு ஜாடிமேல் அப்படியே நின்றது. பிறகு திரும்பிப் புன்னகைத்தாள். கடைக்காரர்களுக்கும் டாக்டர்களுக்கும் வைத்திருக்கும் புன்னகை. "நன்றி, நல்லாவே தூங்கினேன். நீங்க? காபி ஊத்தட்டுமா, ஃப்ராவ் ஓஸ்டர்லோ?"

அவ்வளவுதான். குடிபோதையில் கொடுத்துவிட்டு வருத்தப்படுகிறாள், வெல்டர் மகளுக்கு இவ்வளவு இடம் எதற்கு என்று நினைத்துவிட்டாள் என்று வீப்கே முடிவு கட்டினாள். ஹென்னிங்கிடம் பிறகு சொன்னபோது, வேசர் ஆற்றில் கப்பல்களுக்கு வழி சொல்லிக் கூட்டிக்கொண்டு வருகிற அந்த மனுஷன், "ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல நான் வரமாட்டேம்பா, நீங்களே பேசித் தீத்துக்குங்க" என்றுவிட்டான். பேசினால்தானே தீர!

கல்யாணமாகி நான்காம் வருஷம் வீப்கேவின் வயிற்றுப் பிள்ளை ஆறாம் மாதத்தில் போயிற்று. ஹென்னிங் ஆற்றில் இருந்தான். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தது கேசீனேதான், பொத்தானை மாற்றிப் போட்ட கோட்டோடு. அப்படி ஒரு கோலத்தில் அவளை யாரும் பார்த்ததில்லை. பொழுதெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். "உங்களுக்கு வலிக்குதா?" என்றாள். "நீங்க கொஞ்சம் சூப் குடிக்கணும்" என்றாள். வீப்கே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்றைக்குக்கூடவா, இன்றைக்காவது ஒரு தரம் 'நீ' என்று சொல்லி அணைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவளுக்குள் குமுறியது. சூப் ஆறிப்போனது.

இப்போது கேசீனேயின் இதயம் ஓய்ந்துகொண்டிருக்கிறது. இனி வீட்டுக்குப் போகமாட்டாள் என்று டாக்டர் ஹென்னிங்கிடம் சொல்லிவிட்டார். அவளுக்கும் தெரியும். வீப்கேவுக்கு அந்த ஒரு சொல் கிடைப்பதானால் இந்த அறையில்தான், இன்னும் மிஞ்சியிருக்கும் சில நாளில்தான் கிடைக்க வேண்டும். கேட்கவோ வாயில்லை.

டூலிப்பைக் குவளையில் வைத்துவிட்டு, சுற்றி வளைத்து ஆரம்பித்தாள். "அந்தப் பையன் உங்களை அப்படிக் கூப்பிடறது… உங்களுக்குச் சங்கடமா இருந்தா வார்டுல சொல்லட்டுமா?"

"வேண்டாம், விடுங்க." கேசீனே மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். "அவன் கேக்கல, எடுத்துக்கிட்டான். ஒரு வகையில அது வசதி. கொடுக்கறேன்னு சொல்லி, வேண்டாம்னு பேச்சு வாங்கறதுக்கு இது எவ்வளவோ மேல். நான் வாழ்க்கையில ஒரே ஒரு தரம் ஆசைப்பட்டுக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொடுத்துட்டாங்க."

"யாரு?"

கேசீனே அவளைப் பார்த்தாள். "யாரா? நீங்கதான்."

"நானா?"

"போகட்டும். நான் அதை மனசுல வெச்சுக்கல. அவங்கவங்க இஷ்டம்."

"நான் எப்ப திருப்பிக் கொடுத்தேன்? நீங்கதானே காலையில…"

"நான் என்ன? நான் ஒண்ணுமே சொல்லலயே. நீங்க கீழ வந்து என்ன சொல்லப் போறீங்கன்னு கேட்டுக்கிட்டு நின்னேன். 'நல்லா தூங்கினியா கேசீனே'ன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். பயமாக்கூட இருந்துச்சு, அதான் திரும்பல. நீங்க 'தூங்கினீங்களா'ன்னு கேட்டீங்க. கொடுத்ததை வேண்டாம்னு இதைவிட நாசூக்கா யாரால சொல்ல முடியும்?"

"ஐயோ, இல்ல! குடிச்சப்ப கொடுத்ததை மறுநாள் மூத்தவங்கதான் இன்னொரு தரம் சொல்லணும். அதுதானே முறை? அதான் காத்துக்கிட்டிருந்தேன்!"

"எந்த ஊர் முறை? வாங்கிக்கிட்டவங்கதான் மறுநாள் முதல்ல சொல்லணும். கொடுத்தவ ரெண்டாம் தரம் எப்படிக் கொடுப்பா? கெஞ்சற மாதிரி ஆகாதா?"

"எங்களுக்கு ஓட்டல் பள்ளியில அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

"எங்க அம்மா எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க."

பாவிகளா! ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருக்க, இன்னொருத்தி அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க, நடுவில் ஒரு உப்பு ஜாடி. முதலில் சிரித்தது கேசீனேதான். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகி, வீப்கே எழுந்து அவள் முதுகைத் தடவிவிட்டபோது தானும் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜூஸை எடுங்க" என்றாள் கேசீனே மூச்சு திரும்பியதும்.

மேசையில் ஆப்பிள் ஜூஸ் இருந்தது, மூக்கு வைத்த பிளாஸ்டிக் குவளையில். வீப்கே தனக்குத் தண்ணீர்க் குவளையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள். ஊசி குத்தியிருந்த கையை விட்டுவிட்டு மற்றக் கையை நீட்டினாள் கிழவி. முழங்கைகளைக் கோத்துக்கொண்டார்கள். கதவருகே வந்த ட்யார்க், "என்னடா இது, ஜூஸ்லயா?" என்றான்.

"போடா வெளிய" என்றாள் கேசீனே. போய்விட்டான்.

"நான் கேசீனே."

"நான் வீப்கே."

குடித்தார்கள். கேசீனே அவள் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வீப்கே, உன் கை ஏன் இவ்வளவு சில்லுனு இருக்கு? கையுறை போட்டுக்கிட்டு வரக் கூடாதா நீ?"

அதைக் கேட்க வீப்கே பத்தொன்பது வருஷம் காத்திருந்தாள். "நீ… நீ ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?" என்று மட்டும் முனகினாள். 'நீ' நாக்கில் தடுக்கியது.

"கேட்டா நீ சங்கடப்படுவியேன்னு. நீ ஏன் கேக்கல?"

"சின்னவ கேக்கக் கூடாதே."

மதியம்வரை பேசினார்கள். முதலில் தட்டுத் தடுமாறி, ஒவ்வொரு 'உங்க'வையும் 'உன்' என்று திருத்திக்கொண்டு, பிறகு சரளமாக. ஹென்னிங் சின்ன வயதில் பொம்மைக் கப்பலோடு குளியல் தொட்டியிலேயே தூங்கிப்போனதைச் சொன்னாள் கேசீனே. வீப்கே தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். கேசீனே பேச்சை நிறுத்தி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உன் பிள்ளை போன அன்னிக்கு, வாய் வரைக்கும் வந்துச்சு வீப்கே. 'அழு, எம்மேல சாஞ்சு அழு'ன்னு சொல்ல வந்துச்சு. வேண்டாம்னவங்ககிட்ட, அதுவும் அவங்க எழுந்து போக முடியாம படுத்திருக்கற நேரம் பாத்து எப்படித் திணிக்கறதுன்னு முழுங்கிட்டேன்" என்றாள். வீப்கே அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அழ வேண்டியதை இன்றைக்கு அழுதாள்.

"நாளைக்கு வா" என்றாள் கேசீனே.

"வரேன், கேசீனே."

டிராமில் வீட்டுக்குப் போகும்போது எதிரே உட்கார்ந்திருந்தவர் பார்க்கிற அளவுக்கு வீப்கே தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். ஹென்னிங்குக்குப் போன் செய்தாள். அவன் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு கப்பலுக்காகக் காத்திருந்தான்.

"உங்க அம்மா என்னை 'நீ'ன்னுட்டாங்க!"

"குடிச்சிருந்தாங்களா?"

"ஆப்பிள் ஜூஸ்."

"அப்ப நிஜம்தான்" என்றான் ஹென்னிங். "நாளைக்குச் சாயங்காலம் வந்துடறேன்."

மறுநாள் காலை வார்டில் ட்யார்க் இல்லை, அவனுக்கு விடுமுறை. வயதான நர்ஸ் அம்மாள் ஒருத்தி வீப்கேயை நடைபாதையிலேயே நிறுத்தினாள். இரவு மூச்சுத் திணறல் அதிகமாகிவிட்டது, மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள், நினைவு கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், ரொம்பப் பேச வைக்க வேண்டாம் என்றாள். வீப்கே தலையாட்டினாள். காதில் பாதிதான் ஏறியது. டிராமில் வரும்போதே முடிவு பண்ணியிருந்தாள். இன்றைக்கு யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை. வாங்கிக்கொண்டவள்தான் மறுநாள் முதலில் சொல்ல வேண்டும், அதுதானே கேசீனே வீட்டு முறை!

கேசீனே தலையணைகளில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"காலை வணக்கம், கேசீனே! நல்லா தூங்கினியா?"

கேசீனே அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, யாரோ தெருவில் இடித்துவிட்டால் பார்ப்பது போன்ற அந்தப் பார்வையோடு, "மன்னிக்கணும், ஃப்ராவ் ஓஸ்டர்லோ" என்றாள். "நமக்குள்ள இது எப்பலேருந்து?"

"நேத்து… நேத்து ஜூஸ் குடிச்சோமே. கையைக் கோத்துக்கிட்டு."

"நேத்து நீங்க வந்தீங்களா?" கேசீனே யோசித்தாள். யோசிப்பதே அவளுக்குக் களைப்பாக இருந்தது. "ஹென்னிங் வந்தான்னு நெனைக்கறேன். தெரியல."

"இல்ல, நான்தான் வந்தேன். நாம பேசினோம். நீ எல்லாத்தையும்…"

"பாருங்க." கேசீனே கையை லேசாகத் தூக்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு தேடினாள், இருந்தாலும் வாக்கியம் ஒழுங்காகத்தான் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஒரு காலத்துல அந்த ஆசை இருந்துச்சு. கேட்டேன். உங்களுக்கு இஷ்டமில்ல. அது உங்க உரிமை, நான் ஒரு நாளும் குறை சொன்னதில்ல. ஆனா இப்ப நான் படுத்துக் கிடக்கறேன்னு, பாவம் பாத்து… அது வேண்டாமே."

"பாவம் பாத்து இல்ல! எனக்கு இஷ்டம்தான், அன்னிக்கும் இஷ்டம்தான்! நீதான்… நீங்கதான் முதல்ல… கேளு, கேளுங்க, நாம ரெண்டு பேருமே காத்துக்கிட்டிருந்தோம்…"

பேசப் பேச கேசீனேயின் நெஞ்சு ஏறி இறங்குவது வேகமாயிற்று. விரல்கள் போர்வையைப் பற்றிக்கொண்டன. கட்டிலருகே இருந்த இயந்திரம் கீச்சிட ஆரம்பித்தது. "எனக்குப் புரியல" என்றாள் அவள். முதல் முறையாக அவள் கண்ணில் பயம் தெரிந்தது. "என்னால இதெல்லாம் இப்ப… தயவுசெஞ்சு. மரியாதையா இருந்துட்டோம் இத்தனை வருஷம். மரியாதையாவே முடிச்சுக்கலாமே, ஃப்ராவ் ஓஸ்டர்லோ."

வீப்கேவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. நேற்று உன் மடியில் என் தலை இருந்ததே! என் கை சில்லென்று இருக்கிறது என்றாயே! எல்லாம் போச்சா? கையில் கொடுத்ததை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள விடாமல் யார் பிடுங்கிக்கொண்டது? இன்னொரு தரம் முதலிலிருந்து சொன்னால் ஒருவேளை நினைவு வரலாம். வராமல் அந்த மூச்சு அதிலேயே நின்றும் போகலாம்.

இயந்திரம் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் வீப்கே. "வாய் தவறிடுச்சு. நீங்க சொல்றதுதான் சரி."

கேசீனேயின் முகம் மெல்லத் தளர்ந்தது. விரல்கள் போர்வையை விட்டன. "பரவாயில்ல" என்றாள், வந்த விருந்தாளி மேசை விரிப்பில் காபி கொட்டிவிட்டால் சொல்வது மாதிரி. "எல்லாருக்கும் நடக்கறதுதான். உக்காருங்க. நிக்க வெச்சே பேசறேன்."

வீப்கே உட்கார்ந்தாள். உதடு காயும்போதெல்லாம் நனைத்துவிட்டாள். "தண்ணி வேணுமா உங்களுக்கு?" "தலையணையைச் சரி பண்ணட்டுங்களா?" ஒவ்வொன்றுக்கும் கேசீனே நன்றி சொன்னாள், சொல்ல முடியாதபோது தலையை அசைத்தாள்.

சாயங்காலம் ஹென்னிங் ஆற்றின் வாடையோடு, கழற்றாத பூட்ஸோடு ஓடிவந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, நான் வந்துட்டேன். உனக்கு எப்படி இருக்கு?" என்றான். கேசீனே கண் திறக்காமல் புன்னகைத்தாள்.

"உங்களுக்கு வெளிச்சம் கூசுதா, ஃப்ராவ் ஓஸ்டர்லோ? திரையை இழுத்து விடட்டுமா?" என்றாள் வீப்கே.

ஹென்னிங் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "நேத்துப் போன்ல நீ…"

"சும்மா இரு" என்றாள் வீப்கே.

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. சும்மா இருன்னு சொல்றேன்ல."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் அம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திரையை இழுத்துவிட்டு வீப்கே மறுபக்கம் உட்கார்ந்தாள். ஒருபுறம் அவன் 'நீ' என்றான், மறுபுறம் அவள் 'நீங்க' என்றாள். இரவுச் சாப்பாட்டு வண்டி நடைபாதையில் தட்டுகள் குலுங்கப் போய்க்கொண்டிருந்தபோது, கேசீனேயின் மூச்சு ஒன்று வந்தது, அடுத்தது வரவில்லை. நர்ஸ் வந்து பார்த்து, இயந்திரத்தை அணைத்து, போன உயிருக்கு வழிவிட ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போனாள். ஹென்னிங் வெகுநேரம் அழுதான். பிறகு அத்தைக்குப் போன் செய்ய நடைபாதைக்குப் போனான்.

வீப்கே தனியாக இருந்தாள். கையை நீட்டிக் கேசீனேயின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். இப்போது சொல்லலாம். தடுக்க யாரும் இல்லை, மனம் புண்பட யாரும் இல்லை. நேற்று முழுசாக அவளுக்குக் கொடுக்கப்பட்ட சொல் அது. அவள் குனிந்து, வாயைத் திறந்து, கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். 'அது வேண்டாமே' என்று சொல்லிவிட்டுப் போனவளிடம், பதில் சொல்ல முடியாமல் படுத்திருக்கும் நேரம் பார்த்து எப்படிச் சொல்வது? வரவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை.

"போயிட்டு வாங்க, ஃப்ராவ் ஓஸ்டர்லோ" என்றாள்.